மிலிட்டரி லாரி வந்தது. மிலிட்டரி பழக்கம் வந்ததா?

பட்டாளத்து ஏலத்தில் எடுத்த பழைய லாரி ஒன்று ஊருக்குள் வந்து சேர்ந்தால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடாமல் இராது. பச்சைச் சாயம் வெளுத்திருக்கும். கதவில் நம்பரை அழித்த தடம் தெரியும். முன் பம்பரை இரண்டு ஆள் சேர்ந்தாலும் தூக்க முடியாது. "இந்த மாதிரி இரும்பு இனிமேல் கிடைக்குமா?" என்று ஒருவர் தட்டிப் பார்ப்பார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கப்படும். தேங்காய் உடைபடும். எல்லாம் ஆன பிறகு கூட்டத்திலிருந்து யாராவது ஒருவர் அந்த வார்த்தையைச் சொல்லிவிடுவார்:

"ஏனுங்க, இன்னொரு லாரியில சங்கிலியைப் போட்டு இழுத்தா ஸ்டார்ட் ஆயிடாதுங்களா?"

இந்த ஒரு வார்த்தையால் கெட்ட என்ஜின்கள் எத்தனையோ! வருஷக்கணக்கில் டிப்போ வெயிலிலும் மழையிலும் நின்ற வண்டி அது. முன்னால் ஒரு லாரி இழுக்க, பின்னால் இது கியரில் விழ, டிரைவர் கிளச்சை விட, உள்ளேயிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். அதோடு சரி. மனைவியின் நகையை வைத்து ஏலம் எடுத்தவருக்கு அந்தச் சத்தத்தின் அர்த்தம் உடனே புரியாது. மறுநாள் மேஸ்திரி வந்து ஹெட்டைக் கழற்றிக் காட்டும்போது புரியும்.

என்ஜின் வயதாகிச் செத்துவிட்டது என்று எல்லாரும் சொல்வார்கள். பழைய வண்டிதானே, எத்தனை நாள் உழைக்கும் என்று ஆறுதல் கூறுவார்கள். இது பெரும்பாலும் தவறான அபிப்பிராயம். பட்டாளத்து டீசல் என்ஜினை வயது கொல்வதைவிட, வாங்கியவரின் அவசரமும், அற்பச் சாமானில் அவர் பார்க்கும் சிக்கனமுமே அதிகமாகக் கொல்கின்றன. லாரியை ஏலம் எடுக்கிறார்கள். அதோடு கூட இருந்த பழக்கத்தை யாரும் ஏலம் எடுப்பதில்லை.

பட்டாளத்துப் பழக்கம்

அந்தப் பழக்கம் என்ன? பட்டாளத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர்கள் சேலம், நாமக்கல் பக்கத்துக் கிராமங்களில் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டால் 'பர்ஸ்ட் பரேடு' என்று சொல்வார்கள். காலையில் வண்டி நகருவதற்கு முன் எண்ணெய் அளவு, தண்ணீர், பெல்ட்டின் இறுக்கம், டயர், பாட்டரி, அடியில் ஏதாவது கசிந்து கிடக்கிறதா என்பது வரையில் டிரைவர் பார்த்தாக வேண்டும். வழியில் நிற்கும்போது ஒரு பார்வை. திரும்பி வந்ததும் ஒரு பார்வை. டிரைவரால் தீர்க்க முடியாத கோளாறு பட்டறைக்குப் போகும். சேனையின் யந்திரங்களைப் பழுது பார்ப்பதற்கென்றே இரண்டாம் உலக யுத்தத்தின் நடுவில், 1943-ல், 'இ.எம்.இ.' என்ற தனிப் படைப்பிரிவு ஏற்படுத்தப்பட்டது. பீரங்கி வெடித்தால் போதுமா? பீரங்கியை இழுக்கும் லாரி ஓட வேண்டாமா?

ஓடிய தூரம், மாற்றிய எண்ணெய், செய்த ரிப்பேர் எல்லாம் புத்தகத்தில் ஏறும். எழுதாத வேலை செய்யாத வேலை என்பது அங்கே கணக்கு. அப்படி வளர்ந்த வண்டி, ஏலத்துக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஒரு தடவை கூட டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்க்காத கைக்கு வந்து சேருகிறது. பட்டாளத்து ஒழுங்கில் இருபது வருஷம் உழைத்தது இங்கே இருபது மாதத்தில் படுத்துக்கொண்டால் வண்டியின் மேல் பழி போடுவது நியாயமா?

சக்திமான் வந்த கதை

மிலிட்டரி லாரி வாங்குவது நம் நாட்டில் புதிய வழக்கம் அல்ல. 1945-ல் யுத்தம் முடிந்ததும் சேனைக்குத் தேவையில்லாத போர்டு, செவ்ரலே லாரிகள் 'டிஸ்போஸல்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தன. லாரித் தொழிலில் சொந்தக் காலில் நின்ற பலருக்கு அதுதான் முதல் முதலீடு. ஆனால் அவை பெட்ரோல் வண்டிகள். குடிக்கிற பெட்ரோலுக்கும் கிடைக்கிற வாடகைக்கும் கட்டுப்படியாகவில்லை. பெட்ரோல் என்ஜினை இறக்கிவிட்டு, அந்த இடத்தில் பெர்க்கின்ஸ் பி-6 டீசல் என்ஜினை ஏற்றுவது அந்தக் காலத்து வழி. சென்னையில் சிம்ப்சன் கம்பெனி 1950-களில் பெர்க்கின்ஸ் என்ஜின்களைத் தயாரித்தது. 1954-ல் டாட்டாவின் பென்ஸ் லாரி ஜாம்ஷெட்பூரிலிருந்து வந்தது. அடுத்த ஆண்டு அசோக் லேலண்ட் என்ற பெயர் பிறந்தது. அதன் பிறகு டீசலுக்கு எதிர்ப்பேது?

பட்டாளத்துக்கென்றே நம் நாட்டில் செய்த டீசல் லாரி 'சக்திமான்.' கிருஷ்ண மேனன் ராணுவ மந்திரியாக இருந்த காலம் அது. ஜெர்மனியின் மான் கம்பெனியின் உரிமம் பெற்று, 1959-ல் ஜபல்பூரில் உற்பத்தி தொடங்கிற்று. மந்திரி லாரி செய்யப் போய்விட்டார் என்று அப்போது கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் 1965, 1971 யுத்தங்களில் சிப்பாய்களையும் குண்டுகளையும் சுமந்தது இந்த லாரிதான். 1996 வரை அதன் உற்பத்தி நடந்தது. அதன் பிறகு அசோக் லேலண்டின் 'ஸ்டாலியன்' அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

சக்திமானின் தாய்வீடு ஒரு விதத்தில் டீசல் என்ஜினுக்கே தாய்வீடு. ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த அந்தத் தொழிற்சாலையில்தான் ருடால்ப் டீசல் தம் யந்திரத்தை ஓடவைக்கப் பல ஆண்டுகள் போராடினார். 1897-ல் நடந்த சோதனையில் அது எரிபொருளின் சக்தியில் நாலில் ஒரு பங்குக்கு மேல் வேலையாக மாற்றிக் காட்டியது. அக்காலத்து நீராவி யந்திரங்கள் அந்தக் கணக்குக்குக் கிட்டேயும் வரவில்லை.

இழுக்காதீர்கள்!

டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் மேலே ஏறிக் காற்றைப் பதினாறில் ஒரு பங்கு, சில என்ஜின்களில் இருபதில் ஒரு பங்கு என்று நசுக்கும். நசுங்கிய காற்று நெருப்பாகச் சுடும். அதில் டீசல் பாய்ந்ததும் தானே பற்றிக்கொள்ளும். இதைப் புரிந்துகொண்டால், நின்றுபோன வண்டியை ஏன் இழுக்கக் கூடாது என்பதும் புரிந்துவிடும்.

காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. சைலன்ஸர் வழியாகவோ, ஹெட் கேஸ்கெட் வழியாகவோ சிலிண்டருக்குள் ஒரு டம்ளர் தண்ணீர் இறங்கியிருந்தால் போதும். பிஸ்டன் மேலே வரும். தண்ணீர் இடம் கொடுக்காது. பின்னால் பத்து டன் லாரி இழுக்கிற வேகம். பிஸ்டன் நிற்கும், கனெக்டிங் ராடு வளையும். அந்த 'டொக்' இதுதான்.

தண்ணீர் இல்லாமல் இருந்தாலும் தப்பில்லை என்று நினைக்க வேண்டாம். நாள்பட நின்ற என்ஜினில் எண்ணெயெல்லாம் கீழே சம்புக்கு வடிந்துவிடும். பேரிங்குகள் வறண்டு கிடக்கும். ரிங்குகள் லைனரோடு துருவால் ஒட்டியிருக்கும். இழுத்த வேகத்தில் என்ஜின் சுற்றினால், எண்ணெய் பம்பு எண்ணெயை மேலே தள்ளுவதற்குள் பேரிங் சிராய்ந்துவிடும். அன்றைக்கு வண்டி ஓடும். அதுதான் மோசம். 'பார்த்தீர்களா, இழுத்தேன், கிளம்பிற்று' என்று பெருமை பேசலாம். மூன்று மாதம் கழித்து கிராங்க் தட்டும்போது, அன்று இழுத்ததை யாரும் ஞாபகத்தில் வைத்திருக்க மாட்டார்கள்.

இன்னோர் ஆபத்து இதைவிடப் பயங்கரமானது. டீசல் பம்புக்குள் பல் வைத்த கம்பி ஒன்று உண்டு. பட்டறையில் அதை 'ராக்' என்பார்கள். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அது நகர்ந்து டீசலைக் கூட்டும். காலை எடுத்தால் திரும்பி வந்து குறைக்கும். பழைய டீசல் பிசினாகி, துருவும் சேர்ந்தால் அந்தக் கம்பி நின்ற இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். முழு டீசல் விடும் இடத்தில் பிடித்திருந்தால் என்ன ஆகும்? என்ஜின் கிளம்பும், நிற்காது. வேகம் ஏறிக்கொண்டே போகும். சாவியைத் திருப்பினாலும் பயன் இல்லை. அணைப்பதற்குத் தீப்பொறி இருந்தால்தானே! சுற்றி நிற்கும் கூட்டம் சிதறி ஓடும். விஷயம் தெரிந்த மேஸ்திரி இதற்காகவே ஒரு பலகையைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். காற்று போகும் வாயைப் பலகையால் அடைத்தால் என்ஜின் மூச்சுத் திணறி நிற்கும். கையால் அடைக்கக் கூடாது. அது இழுக்கிற இழுப்பில் கை போய்விடும்.

அப்படியானால் எப்படித்தான் கிளப்புவது? முதலில் சம்பின் நட்டைத் தளர்த்த வேண்டும். எண்ணெயைவிடத் தண்ணீர் கனமானது. ஆகையால் தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் வரும். எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் அதில் கலந்துவிட்டது என்று அர்த்தம். எங்கிருந்து கலந்தது என்று கண்டுபிடிக்காமல் மேலே போகக் கூடாது. அடுத்து நாசில்கள் எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற விட வேண்டும். மறுநாள் கம்பி போட்டுக் கையாலேயே கிராங்கை இரண்டு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். எங்கே இடறுகிறது, எங்கே இறுகுகிறது என்று கைக்குத் தெரியும். சேர்ந்திருந்த தண்ணீர் நாசில் துவாரம் வழியே பீச்சி அடித்து வெளியே வரும். ராடு வளைவதற்குப் பதில் மேஸ்திரியின் சட்டை நனையும். நஷ்டம் அவ்வளவுதான்.

பிறகு பம்பின் பக்கவாட்டு மூடியைத் திறந்து, ராக் தாராளமாக நகருகிறதா என்று பார்க்க வேண்டும். டாங்கைக் கழுவ வேண்டும். பில்டர் புதிது. எண்ணெய் புதிது. டீசலை அடைத்துவிட்டு செல்ப் மோட்டாரால் சுற்றி, எண்ணெய் மீட்டர் முள் எழும்பிய பிறகுதான் டீசலைத் திறந்து ஏர் எடுக்க வேண்டும். இதற்கெல்லாம் இரண்டு நாள் ஆகும். நின்றது பத்து வருஷம். இன்னும் இரண்டு நாள் நிற்கக் கூடாதா?

வெள்ளைத் தூசியும் உப்புத் தண்ணீரும்

கிளம்பிய என்ஜினைக் காப்பாற்றுவது அடுத்த பாடு. ஒவ்வொரு சீமைக்கும் ஒவ்வொரு சத்துரு உண்டு. சேலம், நாமக்கல் சமவெளியில் டீசல் என்ஜினுக்கு இரண்டு சத்துருக்கள்: தூசி, தண்ணீர்.

சேலத்துக்கு வடக்கே வெள்ளைக்கல் எடுக்கும் சுண்ணாம்புக் கரட்டுப் பக்கம் லாரி போய் வந்தால் டிரைவரின் புருவமே வெளுத்திருக்கும். ராசிபுரம், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களில் கல் குவாரிப் பொடி. மற்ற இடங்களில் நிலக்கடலைக் காட்டு மண் ரோடு. ஆறு சிலிண்டர் என்ஜின் ஓடும்போது ஒவ்வொரு நிமிஷமும் ஆயிரக்கணக்கான லிட்டர் காற்றை உள்ளே இழுக்கிறது. அந்தக் காற்றோடு போகும் கல் பொடி ரிங்குக்கும் லைனருக்கும் நடுவே உப்புக் காகிதம் போல வேலை செய்யும்.

பழைய மிலிட்டரி லாரிகளில் எண்ணெய்த் தொட்டி வைத்த ஏர் கிளீனர் இருப்பதுண்டு. காற்று எண்ணெயில் மோதித் தூசியை விட்டுவிட்டுப் போகும். அருமையான ஏற்பாடு, காகிதம் கிழிகிற பயமில்லை, மறுபடி மறுபடி கழுவலாம். ஆனால் கழுவ வேண்டும் அல்லவா? தொட்டியில் எண்ணெய்க்குப் பதில் களி கிண்டிய மாதிரி மண் நிறைந்திருக்கும் வண்டிகளைப் பட்டறைகளில் பார்க்கலாம். நிறைய ஊற்றினால் நல்லது என்று கோட்டுக்கு மேல் எண்ணெய் ஊற்றுகிறவர்களும் உண்டு. அது என்ஜினுக்குள் இழுக்கப்பட்டு, எண்ணெயே எரிபொருளாகி, மேலே சொன்ன நிற்காத ஓட்டத்தில் கொண்டுபோய் விடும். தூசி இன்னொரு திருட்டு வழியும் வைத்திருக்கிறது. ஏர் கிளீனரிலிருந்து என்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயின் கிளிப் சற்றுத் தளர்ந்திருந்தால், கிளீனரைத் தினம் கழுவியும் பிரயோஜனம் இல்லை.

கருப்புப் புகை தள்ளுகிறது என்று ஒருவர் வண்டியைக் கொண்டு வருவார். 'போர் போய்விட்டது' என்று எட்ட நின்று பார்த்தே ஒருவர் தீர்ப்புச் சொல்வார். கருப்புப் புகை என்றால் டீசல் அதிகம், அல்லது காற்றுக் குறைவு என்றுதான் பொருள். ஏர் கிளீனர் அடைத்திருந்தாலும் அதே புகைதான். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. வெள்ளைப் புகை டீசல் எரியாததாலும் வரலாம், தண்ணீராலும் வரலாம். புகையின் நிறத்தை மட்டும் பார்த்து என்ஜினைப் பிரிக்கச் சொல்கிறவரிடம் வண்டியை விடாமல் இருப்பது நல்லது.

தண்ணீர் விஷயத்தில் இந்தச் சீமைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பருப்பு வேகாத தண்ணீர் எது என்று வீட்டிலுள்ள பெண்களுக்குத் தெரியும். போர் தண்ணீரைக் கொதிக்க வைத்த பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்புதான் ரேடியேட்டர் குழாயிலும் லைனரைச் சுற்றியும் படிகிறது. வீட்டுப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்க்கிறார்கள். என்ஜினின் உள்பக்கத்தை யார் தேய்ப்பது? படிவு ஏற ஏற உஷ்ணம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். சேலத்துச் சித்திரை வெயில் நாற்பது டிகிரியைத் தொடும்போது, பாரம் ஏற்றிய லாரி தொப்பூர்க் கணவாயிலோ, எழுபது கொண்டை ஊசி வளைவுள்ள கொல்லிமலைப் பாதையிலோ ஏறும்போது அதன் பலன் தெரியும்.

அப்போது டிரைவர் செய்வது என்ன? மூடியைத் திறந்து, கிடைத்த குளிர்ந்த தண்ணீரைக் குடத்தோடு கவிழ்ப்பார். கொதித்த இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் ஹெட் விரியாமல் என்ன செய்யும்? என்ஜினை மெதுவாக ஓட விட்டு, சூடு தணிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். மழை நீர் பிடித்து வைத்தோ, கடையில் விற்கும் கூலண்ட் கலந்தோ விட்டால் பாதித் தொல்லை தீரும்.

இதில் ஒரு விபரீதமான வைத்தியம் நெடுங்காலமாக நடந்து வருகிறது. என்ஜின் சூடாகிறது என்று சொன்னால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவது! நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு என்று கேட்பார்கள். என்ஜினுக்கு அதிகச் சூடு எவ்வளவு கெடுதலோ, சூடேறாமல் ஓடுவதும் அவ்வளவு கெடுதல். டீசல் முழுதும் எரியாது, மிச்சம் லைனரில் வழிந்து எண்ணெயில் கலக்கும், லைனர் தேயும். அடுப்பு புகைகிறது என்று அடுப்பையே இடித்துவிடுகிற வைத்தியம் இது.

நாசில் பொருந்தினால் போதுமா?

டீசல் பம்புக்குள் இருக்கும் பிளஞ்சருக்கும் அதன் கூட்டுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு தெரியுமா? ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் அதில் இரண்டு மூன்று கூறு. தலைமயிரைப் பக்கத்தில் வைத்தால் அது மலைபோல் இருக்கும். அந்த இடுக்கில் ஓடும் டீசலைத்தான் துருப்பிடித்த பீப்பாயிலிருந்து, அழுக்கு வாளியில் பிடித்து, வேஷ்டித் துணியில் வடிகட்டி ஊற்றுகிறார்கள். துணி கல்லைத் தடுக்கும். துணியின் நூலை யார் தடுப்பது? ராத்திரி டாங்கை நிரப்பி நிறுத்துவதும், காலையில் பில்டர் அடியில் சேர்ந்த தண்ணீரை வடிப்பதும் காசு பெறாத வேலைகள். பட்டாளத்து டிரைவர் அதைச் செய்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போவார்.

சக்திமான் போன்ற வண்டிகளில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. மற்ற டீசல் என்ஜின்களில் டீசலைக் காற்றில் பனி போலத் தூவுகிறார்கள். மான் கம்பெனியின் என்ஜினீயர் மோயரர் 1950-களில் வேறொரு முறையைக் கொண்டுவந்தார். பிஸ்டனின் தலையில் உருண்டையாகக் குடைந்த ஒரு கிண்ணம். அதன் சுவரில் டீசல் மெல்லிய பூச்சாகப் படியும். அங்கிருந்து ஆவியாகி ஆவியாகி எரியும். படபடவென்ற சத்தம் குறைவு. ஜெர்மனியில் இதைக் 'கிசுகிசு என்ஜின்' என்றே அழைத்தார்கள். இந்த என்ஜினில் நாசில் எந்தத் திசையில் பீச்சுகிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. சாமான் கிடைக்கவில்லை என்று வேறு வண்டியின் நாசிலைப் போட்டால் திருகு பொருந்தலாம், வேலை பொருந்தாது. பூச வேண்டிய இடத்தில் தூவும். புகை, வெந்த பிஸ்டன், குறைந்த இழுவை. பிறகு, 'மிலிட்டரி என்ஜினே இப்படித்தான்' என்று ஒரு பேச்சு.

பொருந்துகிற சாமானைத் தேடி அலைவது கஷ்டம்தான். ஆனால் நாமக்கல், சேலம் லேத் பட்டறைகளில் அளவு கொடுத்தால் லைனரும் புஷ்ஷும் கடைந்து கொடுக்கிற கைகள் உண்டு. லாரிக்கு பாடி கட்டி நாடெங்கும் அனுப்பிய ஊர் நாமக்கல். போர்வெல் லாரிகளை நாட்டின் மூலை முடுக்கெல்லாம் ஓட்டிச் சென்ற ஊர் திருச்செங்கோடு. அங்கே தொழில் தெரியாதவர்கள் இல்லை. பின் கோளாறு எங்கே?

ஒட்டுமொத்தக் கூலி

கோளாறு கூலியில் இருக்கிறது. என்ஜின் வேலையை ஒட்டுமொத்தமாகப் பேசிவிடுகிறார்கள். இறக்கி, பிரித்து, மாட்டி, ஏற்ற இவ்வளவு ரூபாய். இரண்டு நாளில் முடித்தாலும் அதே கூலி. ஐந்து நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அளந்தாலும் அதே கூலி. அளக்கிறவனுக்கு நஷ்டம்; அளக்காதவனுக்கு லாபம். இப்படி ஒரு ஏற்பாட்டை வைத்துக்கொண்டு நல்ல வேலையை எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

அளப்பது என்றால் என்ன என்று லாரி முதலாளிகள் ஒரு நாள் நின்று பார்க்க வேண்டும். கிராங்கின் ஒவ்வொரு கழுத்தையும் மைக்ரோமீட்டரில் இரண்டு வாட்டத்தில் பிடித்து, உருண்டையாக இருக்கிறதா, முட்டை வடிவமாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். பத்து தவ் கடைவதா, இருபது தவ் கடைவதா என்பதை அதன் பிறகுதான் தீர்மானிக்க முடியும். லைனர் மேலே அதிகம் தேய்ந்திருக்கும், கீழே குறைவாக இருக்கும். நடுவில் மட்டும் அளந்தால் ஏமாந்து போவோம். ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி, வரிசைப்படி, இரண்டு மூன்று தடவையாக டார்க் ஸ்பேனரில் முறுக்க வேண்டும். பைப்பைக் கோத்துத் தொங்கி முறுக்குவது பலம் அல்ல. டேப்பெட் இடைவெளிக்குப் பீலர் தகடு இருக்கும்போது பிளேடையோ சிகரெட் அட்டையையோ செருகிப் பார்ப்பது அனுபவமும் அல்ல.

முதலாளி தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. வண்டி நின்ற ஒவ்வொரு நாளும் தவணையும் வரியும் நிற்பதில்லை. டிரைவரும் கிளீனரும் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. ஆனால் அளப்பதற்கென்று தனிக் கூலி கொடுத்து, அளந்த எண்களைக் காகிதத்தில் கேட்டு வாங்குகிற முதலாளி, ஒரு தடவை செய்த வேலையை மறுபடி செய்வதற்காக வண்டியை நிறுத்த மாட்டார். 'எவ்வளவு நாளில் முடியும்?' என்று கேட்பதற்கு முன் 'எவ்வளவு தேய்ந்திருக்கிறது?' என்று கேட்டால் பட்டறைகளின் போக்கே மாறிவிடும்.

கற்றுக்கொள்வது எங்கே?

மேஸ்திரிகளுக்கும் வயதாகிறது. அவர்களெல்லாம் பள்ளிக்கூடத்தை விட்டுப் பட்டறைக்கு வந்து, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தே தொழில் கற்றவர்கள். பதினாலு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்று 2016-ல் சட்டம் திருத்தப்பட்டது. அது சரியான சட்டம். கை நசுங்கித் தொழில் கற்ற காலம் திரும்ப வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கதவை அடைத்தபோது இன்னொரு கதவை அகலத் திறந்திருக்க வேண்டும். ஐ.டி.ஐ.களில் மெக்கானிக் டீசல் படிப்பு இருக்கிறது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு விற்பனைக்கு வரும் லாரிகளில் கம்ப்யூட்டரும் யூரியாத் தொட்டியும் வந்துவிட்டதால், படிக்கிறவர்களின் கவனம் அந்தப் பக்கம் போவது இயல்பு. அதைக் குறை சொல்லக் கூடாது. இருந்தாலும் காது வைத்துத் தட்டலைக் கண்டுபிடிக்கிற மேஸ்திரிகளை, மாதத்தில் இரண்டு நாள் கௌரவச் சம்பளம் கொடுத்து அந்த வகுப்புகளுக்கு அழைத்து, ஒரு பழைய என்ஜினைப் பிரித்துக் காட்டச் சொல்லலாமே! பத்தாவது படித்தாரா என்று கேட்டு அவரை வாசலிலேயே நிறுத்தினால் நஷ்டம் பிள்ளைகளுக்குத்தான்.

பழைய வண்டிகளையெல்லாம் உடைத்துவிட்டால் போயிற்று என்ற பேச்சும் இருக்கிறது. பதினைந்து வருஷமான சர்க்கார் வண்டிகளின் பதிவை நீட்டிப்பதில்லை என்ற விதி 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. ராணுவக் காரியத்துக்கான விசேஷ வண்டிகளுக்கு அதில் விலக்கு உண்டு. நகரத்துக் காற்றைக் கெடுக்கும் வண்டி ரோட்டுக்கு வரக் கூடாதுதான். தகுதிச் சான்று இல்லாத லாரிக்காக யாரும் வாதாட வேண்டாம். ஆனால் ஒழுங்காகப் பம்பு பார்த்து, காற்றும் நாசிலும் சுத்தமாக வைத்த பழைய என்ஜின் விடும் புகைக்கும், பராமரிப்பு இல்லாத நடுவயது என்ஜின் விடும் புகைக்கும் வித்தியாசத்தை நாமக்கல் பைபாஸில் பத்து நிமிஷம் நின்றால் கண்ணாலேயே பார்க்கலாம். வயதை மட்டும் பார்க்கிற விதிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

ஏலத்துக்குப் போகிறவர்கள் டயரைத் தட்டிப் பார்க்கிறார்கள். சேஸிஸ் கம்பியின் கனத்தைப் பார்க்கிறார்கள். இரும்பு என்ன விலைக்குப் போகும் என்று மனக்கணக்குப் போடுகிறார்கள். அந்த வண்டியின் புத்தகத்தையும் கேட்டுப் பார்க்க வேண்டும். கடைசியாக எப்போது பிரித்தார்கள், கிராங்க் எத்தனை தவ் கடைந்திருக்கிறது, எந்த அளவு பேரிங் போட்டார்கள் என்ற விவரம் கிடைத்தால் அது பாதி என்ஜினுக்குச் சமானம். ராணுவ ரகசியம் ஒன்றும் அதில் போய்விடாது. என்ஜின் சம்பந்தமான பக்கங்களையாவது வாங்குகிறவர் கையில் கொடுப்பதை ராணுவ இலாகா எல்லா ஏலங்களிலும் கட்டாயமாக்கலாம். புத்தகம் கிடைக்காமற்போனால் கோடு போட்ட நோட்டு ஒன்றை வாங்கி டிரைவர் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டால் ஆயிற்று. முதல் பக்கத்தில் தேதியைப் போட்டு எழுத வேண்டியது இதுதான்: சம்பின் நட்டைத் தளர்த்தியபோது முதலில் வந்தது எண்ணெயா, தண்ணீரா?